நிழல் சொல்லித்தந்த விண்வெளிப் பாடம்

2023 ஜூன் கடைசி வாரம். எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இருக்கும், அதனால்தான் நிழல் காலடியில் விழுகிறது" என்றேன். பதினெட்டு ஆண்டுகளாக இப்படியேதான் சொல்லி வந்திருக்கிறேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா கொத்தனார்.

"ஏனுங் டீச்சர், எங்க ஊடு வடக்குப் பாத்த ஊடுங். இப்ப ஆனி மாசத்துல மத்தியானம் திண்ணையில வெயில் ஏறுதுங். தை மாசத்துல ஏர்றதில்லீங். சூரியன் நேர் மேல இருந்தா எப்பிடிங் திண்ணைக்கு வெயில் வரும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "நல்ல கேள்வி, அப்புறம் பார்க்கலாம், உட்காரும்மா" என்றேன். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவோம். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தபோதுதான் உறுத்தியது.

பதில் கடினமானது அல்ல. எங்கள் பள்ளி அன்னூர் வட்டாரத்தில் இருக்கிறது. அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்று மேல். சூரியன் கடக ரேகை, அதாவது வடக்கே 23½ டிகிரி வரை போய்த் திரும்புகிறது. எனவே ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மீதி எட்டு மாதம் இதற்கு நேர்மாறு. சரியாகத் தலைக்கு மேல் வருவது ஆண்டுக்கு இரண்டே முறை. வடக்குப் பார்த்த திண்ணையில் ஆனியில் வெயில் ஏறுவதும் தையில் ஏறாததும் இதனால்தான். இதை மறுநாளே கரும்பலகையில் படம் வரைந்து ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் நான் தவறாகச் சொன்னதைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டது போலவே, இதையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

அந்தச் சமயத்தில் உறவினர் பெண் ஒருத்தி படிக்கும் தனியார் பள்ளிக்குப் போகும்படி நேர்ந்தது. கோவையில் மாண்டிசோரி முறையில் நடக்கும் பள்ளி அது. மாண்டிசோரி என்றால் மழலையர் பள்ளி, மரக்கட்டை, மணிகள் என்றே நினைத்திருந்தேன். அங்கே பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அதே முறை. வெளி முற்றத்தில் நான்கைந்து பேர் குச்சி நட்டு, சுண்ணக்கட்டியால் நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரைத் தேடினேன். வேப்பமரத்தடியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"பீஸ் கட்டுகிற பிள்ளைகள், வகுப்புக்கு இருபது பேர், அவர்களுக்கு முடியும்" என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் திரும்பும்போது, அந்த முற்றத்தில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தேன். குச்சி, கயிறு, சுண்ணக்கட்டி, கடிகாரம். எங்கள் பள்ளியில் இல்லாத பொருள் எதுவும் அதில் இல்லை. அவர்களிடம் இருந்து என்னிடம் இல்லாதது, பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான்.

மாண்டிசோரி நமக்கு அந்நியர் அல்லர். 1939இல் மரியா மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அதில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அண்டத்தின் கதையை முதலில் சொல்லி, அதிலிருந்து புவியியல், உயிரியல், வரலாறு எல்லாவற்றையும் கிளை பிரிக்கும் 'அண்டக் கல்வி' என்ற கருத்து அந்த மலையில்தான் உருப்பெற்றது. பழனியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற அதே மலை.

நம் தொடக்கப் பள்ளிகளில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் அந்த முறையின் சாயல் உண்டு. அட்டை, ஏணிப்படி, தரையில் வட்டமாக அமர்தல் என்று நம்மில் பலர் அதை நடத்தியிருக்கிறோம். ஆறாம் வகுப்பு வந்ததும் நாற்காலியும் உரையும் திரும்பிவிடுகின்றன. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானதும் கைகள் தேவையில்லை என்று நாமாக முடிவுகட்டி விடுகிறோம். மாண்டிசோரி சொன்னது இதற்கு நேரெதிர். பன்னிரண்டுக்கு மேல் பிள்ளைகளுக்கு வேண்டியது உண்மையான வேலை. கூட்டாகச் செய்வது, நிலத்தில் செய்வது, விளைவு கண்ணுக்குத் தெரிவது. அந்த வயதினரை அவர் 'மண்ணின் பிள்ளைகள்' என்று அழைத்தார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருபவர்கள், மீதிப் பாதி விசைத்தறிச் சத்தத்தில் தூங்கி எழுபவர்கள். அவர்களுக்கு இந்தப் பெயரைப் புதிதாகச் சூட்ட வேண்டியதில்லை.

அவர் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பொருளே பிழையைக் காட்ட வேண்டும், ஆசிரியர் காட்டக் கூடாது. உருளைக்குரிய குழியில் வேறு உருளையை வைத்தால் ஒன்று மிஞ்சும். குழந்தை தானே திருத்திக்கொள்ளும். வானியலில் அப்படிப்பட்ட பொருள் எது என்று யோசித்தால், நட்டு வைத்த கோல் ஒன்றே போதும். அது யார் சொன்னாலும் கேட்காது, சூரியன் சொன்னால் மட்டும் கேட்கும்.

கோல் நட்ட கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு உதவும். ஒரு மீட்டர் உயரம் வெளியே தெரியும்படி ஒரு இஞ்ச் பிவிசி குழாய். அதை ஒரு பெயின்ட் வாளியில் சிமென்ட் கலவை போட்டு நட்டோம். செங்குத்தாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நான் பாகைமானியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கொத்தனார் மகள் மறுநாள் அப்பாவின் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு பக்கமும் குண்டு பிடித்துப் பார்த்து, "இந்தப் பக்கம் நூலு ஓடுதுங்" என்று அவள் சொல்லச் சொல்ல, பையன்கள் குழாயைத் திருத்தினார்கள். தரைக்கு ரசமட்டம் வைத்தாள். கொடிமேடைக்குப் பக்கத்துத் தரை கிழக்கே சாய்ந்திருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தளம் பழுது பார்த்த இடத்துக்கு வாளியை மாற்றினோம்.

திசை கண்டுபிடிக்கச் செல்போனை எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். குழாயை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. நம் சிற்பிகள் கோயிலுக்கு நூல் பிடித்தது இப்படித்தான். பத்துப்பாட்டில் நெடுநல்வாடையிலேயே அரண்மனை கட்டும் முன் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறிக்கும் காட்சி வருகிறது. எங்கள் தமிழாசிரியர் அதைக் கேள்விப்பட்டு, தம் பாடவேளையிலும் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்தார். எனக்கு ஒரு பாடவேளை லாபம்.

நேரம்தான் பெரிய சிக்கல். மாண்டிசோரிப் பள்ளிகளில் இடையூறு இல்லாத மூன்று மணி நேர வேலை நேரம் உண்டு. நமக்கு மணி அடித்துவிடும். தலைமை ஆசிரியரிடம் பேசி, வெள்ளிக்கிழமைதோறும் மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையையும் இடைவேளையையும் சேர்த்துக் கேட்டேன். சத்துணவுக்குக் குழுவாரியாகப் போய் வருவார்கள் என்று ஏற்பாடு. "போர்ஷன் எப்பம்மா முடிப்பீங்க?" என்றார். குறுவள மையக் கூட்டத்திலும் அதே கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அந்தக் காலாண்டில் ஒரு பாடம் பின்தங்கினேன். அரையாண்டுக்குள் சனிக்கிழமைகளில் சரிசெய்தேன். மதிப்பெண் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஜூலை 7, வெள்ளி. முதல் அளவீடு. பதினொன்றரை முதல் ஒன்றேகால் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. அன்றைய மிகக் குறுகிய நிழல் 20 செ.மீ., அதுவும் தெற்கே. "தெக்கால விழுகுது டீச்சர்!" என்று நான்கு பேர் கத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கொத்தனார் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் கடன்பட்டிருந்தேன். "நான் அன்று சொன்னது தவறு" என்று வகுப்பின் முன் சொன்னேன். பதில் என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை.

14ஆம் தேதி 18½. 21ஆம் தேதி 16. 28ஆம் தேதி தூறல், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 4இல் 10½. 11இல் 7. 18இல் 3½. வரைபடத் தாளில் ஆறு புள்ளிகள் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே வந்தன. "இப்படியே போனா நிழலே இல்லாமப் போயிருங்களா?" என்று ஒருவன் கேட்டான். கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கும் என்று பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். அவனே கேட்டுவிட்டான். எந்தத் தேதியில் இல்லாமல் போகும் என்று குழுக்குழுவாகக் கணித்தார்கள். கடைசி வாரங்களில் நாளுக்கு அரை செ.மீ. குறைகிறது என்று எடுத்துக்கொண்ட குழு, ஆகஸ்ட் 25 என்றது. குறையும் வேகம் வாரத்துக்கு வாரம் கூடுகிறது என்பதைக் கவனித்த குழு, 24 என்றது. ஒரு குழு பெருக்கலில் தவறி 29 என்றது, பின்பு தானே வெட்கப்பட்டுத் திருத்தியது. எனக்கு விடை தெரியும். சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

இடையே 23ஆம் தேதி மாலை 6.04க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. எல்லோரும் வீட்டில் பார்த்திருந்தார்கள். மறுநாள் காலை வகுப்பறை திருவிழாக் கூட்டம் போல் இருந்தது. எட்டாம் வகுப்பு அறிவியலில் சந்திரயான், மங்கள்யான் எல்லாம் பாடமாகவே இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளுக்கு அவை தொலைவில் நடப்பவை. அந்த இடைவெளியைக் குறைக்க இரண்டு செய்திகள் உதவின. 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, நம் மாவட்டத்துக் கோதவாடிக்காரர், கிராமத்துப் பள்ளியில் படித்தவர். இன்னொன்று, தரையிறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதிப்பதற்கு நிலவின் மண் போன்ற மண் வேண்டியிருந்தபோது, அதற்கான பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியிலிருந்து போனது. நிலவின் மேட்டு நிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் என்ற பாறை வகை அங்கே கிடைக்கிறது. அதைப் பொடியாக்கிப் பெங்களூருவில் செயற்கை நிலவுத் தரை அமைத்தார்கள். "எங்க சித்தி ஊருக்குப் பக்கத்துலதானுங் சித்தம்பூண்டி" என்று ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று முழுக்க அவன்தான் நிலவுத் துறை. தட்டில் செங்கல் பொடி பரப்பி, மேலே கோலமாவைத் தூவி, கோலிக்குண்டை வெவ்வேறு உயரத்திலிருந்து போட்டுப் பள்ளம் செய்தான். உள்ளே இருந்த சிவப்பு, வெள்ளை மேல் கதிர் கதிராகத் தெறித்தது. நிலவின் பள்ளங்களைச் சுற்றித் தெரியும் கீற்றுகள் அவனுக்கு அப்போதே விளங்கின.

அதே நாள்தான் 24ஆம் தேதி. எங்களுக்குச் சூரிய நண்பகல் 12.24. காலை ஒன்பதரையிலிருந்து கால் மணிக்கு ஒரு புள்ளி வைத்து வந்தார்கள். நிழல் மேற்கிலிருந்து குழாயை நோக்கி நெருங்கியது. 11.24க்கு 26 செ.மீ. 12.10க்கு 6 செ.மீ. அடுத்த புள்ளி வைக்குமுன் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து மேகம் ஏறியது. ஆகஸ்டில் கோவையில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஏப்ரல் 18, 19 என்றால் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் அப்போது ஆண்டுத் தேர்வு அல்லது விடுமுறை. 12.24 வந்தது, போனது. நாற்பது பிள்ளைகள், ஏழாம் வகுப்பிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள், தலைமை ஆசிரியர், சமையலர் அக்கா எல்லோரும் வானத்தைப் பார்த்து நின்றோம். எனக்குத் தொண்டை அடைத்தது. ஏழு வார வேலை.

12.45க்கு வெயில் வந்தது. நிழல் கிழக்கே 9 செ.மீ. போயிருந்தது. "போச்சுங் டீச்சர்" என்று பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். நான்கைந்து பேர் மட்டும் குறிப்பதை நிறுத்தவில்லை. ஒரு மணி, 1.15, 1.30. பிறகு கொத்தனார் மகள் மேற்குப் புள்ளிகளையும் கிழக்குப் புள்ளிகளையும் சேர்த்து ஒரு கயிற்றை வளைத்து வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தாள். இரு ஓரங்களும் மெல்லத் தெற்கே தாழ்ந்த கோடு, நடுவில் சரியாகக் குழாயின் அடி வழியாகப் போயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிழல் இல்லாததை நாம பாக்கலீங் டீச்சர். ஆனா இல்லைன்னு தெரியுதுங்."

மேகம் வராமல் இருந்திருந்தால் கைதட்டி, படம் எடுத்து, கலைந்திருப்போம். இந்த வாக்கியம் கிடைத்திருக்காது.

24ஆ, 25ஆ என்ற சண்டை தீரவில்லை. 25ஆம் தேதி வானம் தெளிவாக இருந்தது, நிழல் கண்ணுக்குப் படவில்லை. கணக்குப்படி அன்று முக்கால் செ.மீ.க்கும் குறைவாக வடக்கே விழுந்திருக்க வேண்டும். எங்கள் குழாயின் ஆரமே அதைவிடப் பெரிது, நிழலை அதுவே மறைத்துவிடும். தவிர, சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் நுனி ஏறக்குறைய ஒரு செ.மீ. மங்கியே தெரியும். எங்கள் கருவியால் ஒரு நாள் வித்தியாசத்தைப் பிரித்தறிய முடியாது என்று பிள்ளைகளே நோட்டில் எழுதினார்கள். அடுத்த முறை சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வைக்கலாம் என்றான் ஒருவன். நுனி மங்குவது அதிலும் மாறாது என்று இன்னொருவன் மறுத்தான். அந்த விவாதத்தில் எனக்கு இடமே கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம் நான் திட்டமிடாதது. எங்கள் வகுப்பில் பிகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். தந்தை நூற்பாலையில் வேலை செய்கிறார். நான்காம் வகுப்பில் வந்து சேர்ந்தவன், இப்போது எங்கள் ஊர்த் தமிழ் பேசுகிறான். பாட்னாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தன் பெரியப்பா மகனிடம் போனில் சொல்லி, அதே நாளில் ஒரு மீட்டர் மூங்கிலை நட்டு அளக்கச் சொல்லியிருக்கிறான். மறுநாள் வந்து சொன்னான்: "அங்க நிழல் மறையலீங் டீச்சர். 26½ இருந்துச்சுங். அப்புறம், பன்னெண்டு மணிக்கு முன்னாடியே சின்னதாயிருச்சுங், 11.52."

பிகார் முழுவதும் கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் ஒரு நாளும் நிழல் மறையாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கதையை அப்போதுதான் சொன்னேன். கதை தேவைப்பட்ட நேரத்தில் சொல்லப்பட்டால் அதன் ருசியே வேறு. 100க்கு 26½ என்று முக்கோணம் வரைந்து கோணத்தை அளந்தார்கள்: ஏறத்தாழ 15 டிகிரி. இங்கே பூஜ்யம், எனவே இரண்டு ஊருக்கும் உள்ள கோண வேறுபாடு அதுவே. அட்லஸில் தூரம் அளக்கும்போது சிலர் அன்னூரிலிருந்து பாட்னாவுக்குக் குறுக்கே நேர்கோடு போட்டார்கள். நிழல் வடக்கு தெற்கைத்தான் சொல்லும், எனவே வடக்கு தெற்குத் தூரம்தான் வேண்டும் என்று பிகார் பையனே திருத்தினான். 1,600 கி.மீ. முழு வட்டத்தில் 15 டிகிரி 24 முறை. 24 × 1,600 = 38,400 கி.மீ. உண்மை அளவு சுமார் 40,000. ஒரு மூங்கில், ஒரு குழாய், ஒரு போன் அழைப்பு. வந்த பிழை நூற்றுக்கு நான்கு.

அந்த 32 நிமிட வித்தியாசத்தை வைத்து, நிமிடம் நான்குக்கு ஒரு டிகிரி என்று தீர்க்கரேகை வேறுபாடு 8 டிகிரி என்றும் கண்டுபிடித்தார்கள். அதுவரை வகுப்பில் 'ஹிந்திக்காரன்' என்று அழைக்கப்பட்ட பையன் அவன். அதன்பின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். நிலவைத் தினமும் பார்த்து வரையச் சொல்லி நோட்டுக் கொடுத்தேன். பதினொரு நோட்டுகளில் ஒரே கையெழுத்தில் ஒரே நிலா. அமாவாசையன்றும் பிறை இருந்தது. இரவு வானம் பார்க்கப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் சொல்ல முடியவில்லை, பெற்றோர் தயங்கினார்கள். ஏழாம் வகுப்பில் இதே கோல் வேலையை முயன்றபோது, நான்கு பேர் செய்ய மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து புளியம்பழம் தின்றார்கள். நாற்பது பேருக்கு ஒரு கோல் போதாது, எட்டுப் பேருக்கு ஒன்று வேண்டும். இப்போது ஐந்து வாளிகள் இருக்கின்றன.

வெற்றி என்று சொல்லத்தக்கது கறுப்புத் துணி. மாண்டிசோரி வகுப்புகளில் பூமியின் வயதைக் காட்ட நீளமான கறுப்புத் துணியை விரிப்பார்கள், கடைசி நுனியில் மட்டும் மனிதர்களுக்கு ஒரு சிறு கோடு. எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? தறி வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர் காடாத் துணியில் குறுகலாக 45 மீட்டருக்கு மேல் கிழித்துக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தார். பூமியின் வயது 454 கோடி ஆண்டு. ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி. பள்ளி வாசலிலிருந்து விரித்துக்கொண்டே போனால் கழிப்பறைச் சுவர் வரை வந்தது. டைனோசர்கள் அழிந்தது முடிவுக்கு 66 செ.மீ. முன்பு. மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டுகள் வெறும் 3 மி.மீ. உழவு தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டு எவ்வளவு என்று கேட்டதற்கு, தறிக்காரர் மகன் துணியின் ஓரத்தில் இருந்து ஓர் இழையை உருவி எடுத்துக் காட்டினான்.

செய்ய விரும்புவோருக்குச் சில தேதிகள். நிழல் மறையும் நாள் பொள்ளாச்சிப் பக்கம் ஏப்ரல் 17, ஆகஸ்ட் 25 வாக்கில். கோவைக்கு ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24. ஈரோட்டுக்கு ஏப்ரல் 19, ஆகஸ்ட் 23. சேலத்துக்கு ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22. ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஒரு நாளோடு விட்டுவிடாமல் ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள், சுவை அதில்தான் இருக்கிறது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். நிழலைப் பார்க்கும் வேலை என்பதால் அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் அண்ணாந்து பார்க்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 2022 முதல் நடக்கும் வானவில் மன்ற நேரத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

செப்டம்பர் 1, வெள்ளி. நிழல் 5 செ.மீ., வடக்கே. கொத்தனார் மகள் அளந்துவிட்டு நோட்டில் எழுதினாள். பிறகு என்னிடம் வந்து, "நேத்து மத்தியானம் எங்க திண்ணையைப் பாக்கச் சொல்லி அப்பத்தாகிட்டச் சொல்லி வச்சிருந்தனுங். வெயில் இல்லைன்னுச்சுங்" என்றாள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் கேட்ட கேள்வி. "ஏன்?" என்று மட்டும் கேட்டேன். குழாயின் வடக்குப் பக்கம் விழுந்திருந்த நிழலைக் காட்டி, சூரியன் இப்போது எந்தப் பக்கம் போயிருக்கிறது, தை முடிய அது எங்கே இருக்கும், மறுபடி எந்த மாதம் திண்ணைக்கு வரும் என்று அவளே சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இன்னொன்னுங் டீச்சர். நம்ம மத்தியானம் ஏனுங் சரியாப் பன்னெண்டுக்கு வர மாட்டேங்குது? ஜூலைல 12.26, இப்ப 12.22."

இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையில் எடுக்கப்படுகிறது, நாம் அதற்கு ஐந்தரை டிகிரி மேற்கே இருக்கிறோம் என்பது பாதிப் பதில். பிகாரின் 11.52ஐ வைத்து அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். மீதிப் பாதி, அதாவது பிப்ரவரியில் 12.36 வரை தள்ளிப்போய் நவம்பரில் 12.05க்கு வந்துவிடுவது ஏன் என்பது, பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவத்தையும் அச்சின் சாய்வையும் சார்ந்தது. அதற்கு ஆண்டு முழுவதும் அளக்க வேண்டும். கேள்வியைக் கரும்பலகையின் வலது மூலையில், அழிக்கக் கூடாத இடத்தில் எழுதச் சொன்னேன். வாளியை யாரும் நகர்த்தாமலிருக்கச் சுற்றிலும் செங்கல் அடுக்கினார்கள். டிசம்பர் 22க்கு நிழல் எவ்வளவு இருக்கும் என்று குழுவுக்கு ஒரு சீட்டு எழுதி மடித்து, என் மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறார்கள். ஒரு சீட்டில் 69 என்றிருக்கிறது.